அப்பாவின் ஆறு லாக்புக்குகள்: ஒரு நினைவுப் புத்தகச் சேவை பற்றி என் மதிப்புரை

அப்பா 2024 நவம்பரில் எங்களை விட்டுப் போனார். வயது 80. 1965 முதல் 1983 வரை விமானப்படையில் போக்குவரத்து விமானங்கள் ஓட்டினார். அப்புறம் 2004 வரை, 21 ஆண்டுகள், பயணிகள் விமானம். அவருடைய அலமாரியைத் திறந்தபோது ஆறு லாக்புக்குகள், ஒரு பெட்டி நிறையக் கடிதங்கள், முந்நூறு புகைப்படங்கள் போல இருந்தன. இப்படிப்பட்டவற்றை வாங்கி, வீட்டாரிடம் பேசி, நினைவுப் புத்தகமாகச் செய்து தரும் ஒரு சேவையிடம் 2025 ஜனவரியில் எல்லாவற்றையும் கொடுத்தோம். ஜூனில் முதல் அச்சு வந்தது. ஆகஸ்டில் திருத்திய அச்சு வந்தது. இந்த இரண்டு அச்சுக்கும் நடுவில் நடந்ததைத்தான் முக்கியமாக எழுத வந்திருக்கிறேன்.

சேவையின் பெயரைப் போடவில்லை. சில தவறுகளைச் சொல்லப் போகிறேன், அவற்றை அவர்கள் திருத்தியும் கொடுத்துவிட்டார்கள். இந்த மாதிரி வேலையை யாரிடம் கொடுத்தாலும் கவனிக்க வேண்டிய இடங்கள் இவைதான் என்பதால் எழுதுகிறேன்.

லாக்புக் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது விமானி தன் கையால் எழுதும் பறப்புப் பதிவேடு. ஒவ்வொரு முறை பறந்ததற்கும் ஒரு வரி. தேதி, விமானத்தின் வகை, அதன் பதிவு எண், கேப்டன் யார், கோ-பைலட் யார், எங்கிருந்து எங்கே, பகலில் எவ்வளவு நேரம், இரவில் எவ்வளவு, வெளியே எதுவும் தெரியாமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டியது எவ்வளவு என்று கட்டம் கட்டமாகப் போகும். கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். உரிமம் வாங்க, புதிய வேலையில் சேர, எத்தனை மணி நேரம் ஓட்டியிருக்கிறார் என்பதற்கு இதுதான் அத்தாட்சி. அப்பா பகல் நேரத்தை நீல மையிலும் இரவு நேரத்தைச் சிவப்பு மையிலும் எழுதுவார். படையில் படிந்த பழக்கம். அங்கே மாதக் கடைசியில் கூட்டுத்தொகை போட்டு மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் கையெழுத்துகளில் சில இன்னும் நேற்றுப் போட்டது போல இருக்கின்றன.

நான் தணிக்கை வேலையில் இருப்பவள். ஆகவே இவர்கள் பொருள்களை வாங்கிக்கொண்ட விதத்திலேயே எனக்கு மனம் நிறைந்துவிட்டது. ஒவ்வொரு லாக்புக்குக்கும் தனி உறை. எத்தனை பக்கம், எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது, எங்கே மை ஊறியிருக்கிறது, முதுகுத் தையல் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதி, என் கண் முன்னாலேயே எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். இரண்டாவது லாக்புக்கின் முதுகு ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது. அதைத் தட்டையாக அமுக்காமல், பாதி திறந்த நிலையில் தாங்கியில் வைத்து மேலிருந்து படம் எடுத்தார்கள். கொடுத்த நிலையிலேயே திரும்பி வந்தது. ஒரு கடிதம்கூடக் குறையவில்லை. இதற்காகவே நான் நண்பர்களிடம் இவர்களைச் சொல்லியிருக்கிறேன்.

புத்தகத்தின் செய்நேர்த்திக்கும் குறை சொல்ல முடியாது. பளபளப்பு இல்லாத காகிதம், தையல் பைண்டிங், மேசையில் வைத்தால் தானாக விரிந்து நிற்கும். லாக்புக் பக்கங்களைச் சிறிதாக்காமல் அசல் அளவிலேயே அச்சிட்டது நல்ல முடிவு. அப்பாவின் எழுத்து எழுத்தாகவே வாசிக்க வருகிறது. புகைப்படங்களுக்கு நிறம் ஏற்றட்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றோம். கேட்டுவிட்டுச் செய்தார்களே, அது முக்கியம்.

இனி நேர்காணல். இந்தச் சேவையில் மிகச் சிறந்தது அதுதான். ஓர் இளம்பெண் வந்தார். இரண்டு நாள், பிற்பகல் நேரத்தில், அம்மாவோடு மட்டும் உட்கார்ந்தார். நானும் தம்பியும் பக்கத்தில் இருக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கு அது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. பதிவைக் கேட்ட பிறகு புரிந்தது, நாங்கள் இருந்திருந்தால் அம்மா பாதிக்கு மேல் சொல்லியிருக்க மாட்டார். “ஐயா எப்படிப்பட்டவர்?” என்று அந்தப் பெண் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. “ஐயா வீட்டில் இல்லாத நாளில் ராத்திரி எந்த விளக்கை விட்டுவிட்டுத் தூங்குவீங்கம்மா?” என்று கேட்டார். அதற்கு அம்மா சொன்னது பதினோரு நிமிடம் ஓடுகிறது.

விளக்கிலிருந்து பேச்சு கடிகாரத்துக்குப் போகிறது. எங்கள் வீட்டில் சுவரில் இரண்டு கடிகாரம் உண்டு. ஒன்று ஊர் நேரம். இன்னொன்று உலகப் பொது நேரம், விமானிகள் பேச்சில் ‘ஜூலு’. விமானப் பணி அட்டவணை, வானிலை அறிக்கை, பறப்புத் திட்டம் எல்லாமே அந்த நேரத்தில்தான் வரும். அப்பாவின் மாத அட்டவணையும் அப்படித்தான். அம்மா அதைப் படிக்கக் கற்றுக்கொண்டார். “ஜூலு கடிகாரத்தில் மணி பார்த்தால் அவர் இப்போ எங்கே இருக்கார்னு தெரியும். இறங்குற நேரம் தாண்டி இருபது நிமிஷம் வரைக்கும் நான் உட்கார மாட்டேன், ஏதாவது வேலை செய்துகிட்டே இருப்பேன்” என்கிறார் பதிவில். நாற்பது வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது. இரவில் அம்மா ஏன் நின்றுகொண்டே துணி மடிப்பார் என்று சின்ன வயதில் நினைத்ததுண்டு.

ஒரு யோசனை. நேர்காணல் ஒலியைப் புத்தகத்தில் க்யூஆர் குறியாக அச்சிட்டுத் தருகிறார்கள். ஃபோனைக் காட்டினால் குரல் கேட்கும். அழகான ஏற்பாடு. ஆனால் அந்தக் குரல் இருப்பது அவர்களுடைய சர்வரில். சேவை நின்றுபோனால் அதோடு குரலும் போய்விடும். ஒலிக் கோப்புகளைத் தனியாகக் கேட்டு வாங்கி இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்டோம், உடனே கொடுத்தார்கள்.

பொருள்களைப் படம் எடுத்ததிலும் அக்கறை தெரிகிறது. அப்பாவின் தொப்பி, நான்கு தங்கப் பட்டை போட்ட தோள்பட்டை எல்லாம் வழக்கமான படங்கள்தான். என்னை நிறுத்தியது இ6பி-யின் படம். இ6பி என்பது வட்ட வடிவக் கணக்கிடும் கருவி, பேட்டரி கிடையாது, ஒன்றுக்குள் ஒன்று சுழலும் இரண்டு அளவுத் தட்டுகள், அவ்வளவுதான். ஃபிலிப் டால்டன் என்ற அமெரிக்கக் கடற்படை ரிசர்வ் அதிகாரி 1930-களில் உருவாக்கியது. வேகம், நேரம், தூரம், எரிபொருள் எல்லாம் தட்டைத் திருப்பிக் கண்டுபிடிக்கலாம். பின்பக்கத்தில் காற்று எந்தத் திசையில் எவ்வளவு தள்ளும் என்பதைப் பென்சிலால் புள்ளி வைத்துக் கணக்கிட ஒரு ஜன்னல் உண்டு. எனக்குப் பெருக்கல் வாய்பாட்டை அப்பா இதில்தான் சொல்லிக்கொடுத்தார். 60 என்ற எண்ணுக்கு நேரே ஒரு கறுப்பு முக்கோணம் இருக்கும். “அது மணி. அதுக்கு நேரே வேகத்தை வை. இப்போ பதினைஞ்சு நிமிஷத்துக்கு எவ்வளவு தூரம்னு தேடு” என்பார். என் விரல் தேடிப் போகும். படத்தில் அந்த முக்கோணத்தின் கறுப்பு ஒரு ஓரத்தில் தேய்ந்திருப்பது தெரிகிறது. அது அவருடைய கட்டைவிரல் பட்ட இடம். படம் எடுத்தவர் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்துத் தேய்மானத்தை மறைக்காமல் எடுத்திருக்கிறார்.

படை வாழ்க்கை பற்றிய அத்தியாயம் சுமார்தான். ஏராளமான தகவல் இருக்கிறது, அப்பா குறைவாக இருக்கிறார். அப்பா ஓட்டிய டகோட்டா என்ற போக்குவரத்து விமானம் 1935 டிசம்பர் 17 அன்று முதலில் பறந்தது, ரைட் சகோதரர்கள் 1903-இல் பறந்த அதே தேதி என்று போட்டிருக்கிறார்கள். சரிதான். அப்பாவும் அதை ஒவ்வொரு டிசம்பரும் சொல்வார். ஆனால் டகோட்டாவைப் பற்றி அவர் எங்களுக்குச் சொன்ன விஷயமே வேறு. அதன் சிறு சக்கரம் வால் பக்கம் இருப்பதால் தரையில் நிற்கும்போது மூக்கு தூக்கியே இருக்கும். வால் பக்கத்துக் கதவில் ஏறினால் காக்பிட்டுக்கு மேடு ஏறித்தான் போக வேண்டும். “வேலைக்குப் போறதே ஒரு ஏத்தம்தான், திரும்பி வரும்போது இறக்கம்” என்பார். இதை நாங்கள் சொன்ன பிறகு திருத்திய அச்சில் சேர்த்தார்கள்.

டகோட்டாவுக்குப் பிறகு சி-130 ஹெர்குலிஸ். நான்கு டர்போப்ராப் இன்ஜின்களின் இரைச்சலில் ஏழு வருடம். அந்த வருடங்களின் கணக்கை அவர் காதுதான் கடைசியில் கட்டியது. இரைச்சலால் வரும் செவிக்குறைபாடு முதலில் நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்துக் கீச்சொலிகளைத்தான் எடுத்துக்கொள்ளும். ச, ஸ, த எல்லாம் மங்கிவிடும், குழந்தைகளின் குரல் முதலில் தொலையும். தம்பி மகள் ஐந்து வயதிலேயே தாத்தாவிடம் பேச வேண்டுமென்றால் குரலைத் தாழ்த்தி, அவர் முகத்துக்கு நேராக நின்று, மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. புத்தகத்தில் இதை ஒரு பக்கமாக வைத்திருக்கிறார்கள், இருவரும் நேருக்கு நேர் நிற்கிற படத்தோடு. நல்ல தேர்வு.

பயணிகள் விமான அத்தியாயம் இதைவிட நன்றாக வந்திருக்கிறது. அதற்குக் காரணம் அம்மா. 1983-இல் படையை விட்டு வந்தபோது அப்பா அங்கே கேப்டன், பல வருட அனுபவம். இங்கே மறுபடியும் கோ-பைலட், போயிங் 737-இல் வலது பக்க இருக்கை. நான்கு வருடம் கழித்துத்தான் இடது பக்கம், கேப்டன் இருக்கைக்கு, வந்தார். அந்தக் காலத்தில் விமானத் துறையே ஒரு பெரிய பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தது. 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவு ஓடுதளத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதி கிடைக்கும் முன்பே ஒரு கேப்டன் புறப்பட்டுவிட்டார். உடன் இருந்தவர்களுக்குச் சந்தேகம் இருந்தும் அழுத்திச் சொல்லி நிறுத்தவில்லை. அதற்குப் பிறகுதான் காக்பிட்டில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் எப்படிக் கேட்க வேண்டும் என்பதே தனிப் பயிற்சியாக வந்தது. அப்பா அந்தப் பயிற்சியை வீட்டுக்கும் கொண்டுவந்தார் என்கிறார் அம்மா. “முன்னெல்லாம் சொல்லிட்டுப் போயிடுவார். அப்புறம்தான் ‘நீ என்ன நினைக்கிறே’ன்னு கேட்க ஆரம்பிச்சார்.”

எங்கள் பங்குக்கு வந்தது திருப்பிச் சொல்வது. கட்டுப்பாட்டு அறை சொன்ன அனுமதியை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், அது விதி. நானும் தம்பியும் எங்கே கிளம்பினாலும் வாசலில் நின்று, எங்கே போகிறோம், யாரோடு, எத்தனை மணிக்கு வருவோம் என்று அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லியாக வேண்டும். பதினாறு வயதில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. இப்போது என் பிள்ளைகள் திருப்பிச் சொல்கிறார்கள்.

இன்னொன்று ‘பத்தாயிரத்துக்குக் கீழே’. பத்தாயிரம் அடிக்குக் கீழே பறக்கும்போது, அதாவது ஏறும்போதும் இறங்கும்போதும், காக்பிட்டில் வேலை தவிர வேறு பேச்சு கூடாது. அமெரிக்காவில் 1981-இல் விதியாக வந்து மற்ற இடங்களிலும் பரவிய பழக்கம். எங்கள் வீட்டில் அது சொலவடையாகிவிட்டது. சாலையைக் கடக்கும்போது, அம்மா பணம் எண்ணும்போது, தம்பி முதன்முதலில் ஸ்கூட்டர் ஓட்டும்போது யாராவது வாயைத் திறந்தால் அப்பா ஒரு விரலைத் தூக்கி, “பத்தாயிரத்துக்குக் கீழே” என்பார். எல்லோரும் அடங்கிவிடுவோம்.

2004 மார்ச்சில் 60 வயது நிறைந்து ஓய்வு பெற்றார். அன்றைக்கு உலக விதி கேப்டனுக்கு அறுபதோடு நிறுத்தியது. 2006 நவம்பரில் அதை 65 ஆக்கினார்கள். இரண்டரை வருடத்தில் அவருக்குத் தவறிப்போயிற்று. புத்தகத்தில் இதை ஒரு சோகமாக எழுதியிருந்தார்கள், நாங்கள் எடுக்கச் சொன்னோம். அந்த ஐந்து வருடத்தில்தான் அவர் எங்கள் கல்யாண வேலைகளை ஒன்றுவிடாமல் செய்தார், என் முதல் பிரசவத்துக்கு நாற்பது நாள் என்னோடு இருந்தார். அவருக்கு அதில் குறையே இல்லை.

சரி, இனிமேல் தவறுகள்.

முதலாவது கூட்டுத்தொகை. எல்லா வரிகளையும் தட்டச்சு செய்து, மொத்தம் 14,231 மணி நேரம் என்று அட்டைக்கு உள்பக்கம் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆறாவது லாக்புக்கின் கடைசிப் பக்கத்தில் அப்பா தன் கையால் எழுதியிருப்பது 14,699. படையில் 3,612, பயணிகள் விமானத்தில் 11,087. அப்பா கூட்டலில் 468 மணி நேரம் தவறுகிறவர் இல்லை. இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்தேன். பயணிகள் விமானக் கணக்கு சரியாக இருந்தது. படைக் கணக்குதான் குறைந்தது. காரணம் ஒரு புள்ளி. படையில் இருந்தவரை அப்பா 1.45 என்று எழுதினால் அது ஒரு மணி 45 நிமிடம். இவர்களுடைய கணினி அதைத் தசமமாக எடுத்துக்கொண்டது. அப்படி இரண்டு வரியைக் கூட்டினால் மூன்றரை மணி வர வேண்டும், அவர்களுக்கு 2.90 வந்தது. பதினெட்டு வருடத்துக்கு இப்படியே போனால் 468 மணி நேரம் காணாமல் போகும். சொன்னதும் ஒத்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட்டார்கள். 3,612 வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இதோடு சேர்ந்த ஒன்று. அப்பாவின் படைப் பதிவேட்டில் நேரம் என்பது சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொடும் வரை. பயணிகள் விமானத்தில், நின்ற இடத்திலிருந்து நகர்ந்ததிலிருந்து மறுபடி போய் நிற்கும் வரை. இரண்டும் வேறு வேறு அளவு. அப்பா கடைசி வரை இரண்டையும் தனித்தனியாகக் காட்டியதற்கு இதுதான் காரணம். திருத்திய அச்சில் ஓர் அடிக்குறிப்பு சேர்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது ஹாங்காங். லாக்புக்கில் விமான நிலையங்கள் நான்கெழுத்துக் குறியீட்டில் இருக்கும். ஹாங்காங்கின் குறியீடு வி-யில் தொடங்கி மூன்று ஹெச். அப்பா 1990-களில் அங்கே பலமுறை இறங்கியிருக்கிறார். குறியீட்டைத் தேடிப் பார்த்து, இப்போதைய செக் லாப் கொக் விமான நிலையத்தின் படத்தைப் போட்டுவிட்டார்கள். ஆனால் அப்பா இறங்கியது பழைய காய் தக்கில். 1998 ஜூலையில் காய் தக் மூடப்பட்டபோது அந்தக் குறியீடு புதிய நிலையத்துக்குப் போய்விட்டது. காய் தக்கில் 13-ஆம் ஓடுதளத்துக்கு இறங்க வேண்டுமென்றால், குன்றின் மேல் வரைந்திருக்கும் சிவப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டத்தை நோக்கிப் போய், தாழ்வாகவே, வலது பக்கம் 47 டிகிரி திரும்பி, கட்டடங்களுக்கு மேலே வந்து இறங்க வேண்டும். அப்பா அந்தத் திருப்பத்தைத் தம்பிக்கு ஒரு கடிதத்தில் வண்ணப் பென்சிலால் வரைந்து அனுப்பியிருந்தார், சதுரங்கக் கட்டம் உட்பட. அந்தக் கடிதமும் அவர்களிடமே இருந்தது, இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. இப்போது அந்தப் பக்கத்தில் தம்பியின் கடிதம்தான் இருக்கிறது.

மூன்றாவது தவறு புள்ளிகள். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

முதல் அச்சு வந்த அன்று நான் தேடியது 1989 ஏப்ரல் மாதப் பக்கம். எனக்கு ஒன்பது வயது, அப்பா ஓட்டிய விமானத்தில் பயணம். மேலே ஏறி நிலைப்பட்டதும் பணிப்பெண் வந்து என்னைக் காக்பிட்டுக்கு அழைத்துப் போனார். அப்போதெல்லாம் அனுமதி உண்டு. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அந்தக் கதவு பிள்ளைகளுக்குத் திறக்கவில்லை. அந்த வரியைப் புத்தகத்தில் கண்டுபிடித்து, சும்மா, அசலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அசலில் ‘குறிப்பு’ கட்டத்தில் ஒரு சின்னப் பென்சில் புள்ளி இருந்தது. அச்சில் அந்தக் கட்டம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

அழுக்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பக்கத்தைத் திருப்பினால் இன்னொரு வரியில் இரண்டு புள்ளி, சமமான இடைவெளியில். 1992 மே மாதத்தில் ஒரு வரியில் நான்கு. அச்சில் ஒன்றுமே இல்லை. மூன்று மாலை உட்கார்ந்து, 1984 முதல் 2004 வரை எல்லாப் பக்கங்களையும் விளக்கில் சாய்த்துப் பார்த்து எண்ணினேன். 64 வரிகளில் புள்ளிகள் இருந்தன. சேவைக்கு எழுதினேன். ஸ்கேன் செய்த படங்களை மென்பொருள் தானாகச் சுத்தம் செய்யும், தூசியும் பூஞ்சைக் கறையும் போக்குவதற்காகச் சிறு புள்ளிகளை எடுத்துவிடும் என்று பதில் வந்தது. நல்லவேளை, சுத்தம் செய்யாத மூலப் படங்களை அவர்கள் அழிக்கவில்லை.

நான் இதைப் படிப்பவர்களிடம் அழுத்திக் கேட்டுக்கொள்வது இதுதான். கையெழுத்துப் பிரதி எதையாவது ஸ்கேன் செய்யக் கொடுத்தால், தானியங்கிச் சுத்தம் வேண்டாம் என்று எழுத்தில் சொல்லுங்கள். சுத்தம் செய்யாத படங்களையும் கேட்டு வாங்குங்கள். கறை எது, எழுதியது எது என்பது வீட்டாருக்கே உடனே தெரிவதில்லை.

புள்ளிகள் என்னவென்று எனக்கு 1992 மே மாத வரியில்தான் பிடிபட்டது. அந்தத் தேதியில் எடுத்த புகைப்படம் இருக்கிறது. பாட்டியின் முதல் விமானப் பயணம். பாட்டி, அம்மா, நான், தம்பி. நாலு பேர், நாலு புள்ளி. 1989-இல் அம்மாவும் தம்பியும் வரவில்லை, நான் மட்டும் மாமா வீட்டுக்குப் போனேன், ஒரு புள்ளி. கடிதங்களையும் படங்களையும் வைத்துத் தேதி தேதியாக ஒப்பிட்டேன். 50 வரிக்கு மேல் பொருந்தியது. தன் விமானத்தில் அன்று எங்களில் எத்தனை பேர் பின்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்று அப்பா எண்ணி வைத்திருக்கிறார். யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட. 2004 மார்ச்சில் கடைசிப் பயண வரியில் மூன்று. பாட்டி அதற்குள் போய்விட்டார்.

ஒரு வரி மட்டும் இடறியது. 1984 அக்டோபர், புள்ளிகள் தொடங்குகிற முதல் வரி. அப்பா அப்போது கோ-பைலட். போனது அம்மாவும் நானும், அது எனக்கு உறுதியாகத் தெரியும். எனக்கு நாலு வயது, பயணச்சீட்டின் அடிக்கட்டை இன்னும் இருக்கிறது. ஆனால் இரண்டு புள்ளிகளுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று, மற்றவற்றில் பாதிகூட இல்லாமல், பென்சில் முனையால் தொட்டது போல இருந்தது. இதுதான் நிஜமாகவே தூசியாக இருக்கும் என்று தம்பியிடம் சொன்னேன். அவனும் பார்த்துவிட்டு, ஆமாக்கா, தூசிதான் என்றான்.

அம்மாவிடம் காட்டினோம். பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் நின்று விளக்கிக்கொண்டே இருந்தோம். அம்மா ஒரு விரலைத் தூக்கி, “பத்தாயிரத்துக்குக் கீழே” என்றார். நாங்கள் நிறுத்திவிட்டோம். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் கண்ணாடியை வைத்துவிட்டுத் தம்பியின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். “எனக்கு அப்போ ஆறு மாசம்” என்றார்.

தம்பி பிறந்தது 1985 ஜனவரியில்.

மறுபடி வேலை இருந்தால் இவர்களிடமே கொடுப்பேனா என்று கேட்டால், கொடுப்பேன். சொன்ன தவறை மறுக்காமல், எல்லாப் பக்கங்களையும் மூலப் படத்திலிருந்து எடுத்து மறுபடி அச்சிட்டார்கள். கறைகளும் வந்திருக்கின்றன, வரட்டும் என்றுதான் சொன்னோம். அந்த மூன்றாவது புள்ளி திருத்திய அச்சில் தெரிகிறது, கொஞ்சம் மங்கலாக. அசலில் அப்படியில்லை. பென்சில் பதிந்த சிறு பள்ளம் விரல் நுனிக்குத் தட்டுப்படும். அதனால் மூன்றாவது லாக்புக்கை மட்டும் தம்பி தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டான். மற்ற ஐந்தும் அம்மாவிடம், ஜூலு கடிகாரத்துக்குக் கீழே இருக்கிற அலமாரியில் இருக்கின்றன.